போட்டித் துப்பாக்கிக்கு டிரிகர்: எவ்வளவு லேசு போதும்?

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். மற்ற வாசகர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக, உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ரெமிங்டன் 700 அமைப்பைச் சேர்ந்த, .308 வின்செஸ்டர் தோட்டா சுடும், ஒவ்வொரு முறையும் போல்ட் என்னும் பூட்டுத் தண்டைக் கையால் இழுத்து மூட வேண்டிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஸ்கோப்பும் பைபாடும் (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்) சேர்ந்து 5.5 கிலோ எடை. படுத்த நிலையில், சில நாள் தோள்வாரைக் கொண்டும் சில நாள் பைபாடைக் கொண்டும், 300 மீட்டர் இலக்கில் சுடுகிறீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த டிரிகர் எவ்வளவு அழுத்தத்தில் விடுபடுகிறது என்று அளந்து பார்த்தபோது 1,700 கிராம் காட்டியது; டிரிகரின் எடை என்று சொல்வது இந்த அழுத்தத்தைத்தான். விடுபடுவதற்கு முன் கரகரவென்று இழுபடுகிறது. உடன் சுடும் நண்பர் ஒருவர் 60 கிராமில் விடுபடும் பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கியில் வைத்துச் சுடும் போட்டி) டிரிகர் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, அல்லது இருக்கும் டிரிகரின் ஸ்பிரிங்கை வெட்டியே எடையைக் குறைத்துக்கொள்ளலாமா, பொருத்துவதை நீங்களே செய்யலாமா என்பவை உங்கள் கேள்விகள். குளிர்காலக் காலைகளில் கையுறையோடு சுடுவதுண்டு என்றும், 16 வயது மகளும் அதே துப்பாக்கியில் பழகுகிறாள் என்றும் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் பெரிதும் அந்த இரண்டு வரிகளையே சார்ந்தது.

நேராகவே சொல்கிறேன். 60 கிராம் டிரிகர் உங்களுக்கு வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டுவது யாருக்குமே வேண்டாம். 600 முதல் 800 கிராமுக்குள் வைத்துச் சுடக்கூடிய, அந்த எடை தன் சரிசெய்யும் வரம்பின் நடுப்பகுதியில் விழக்கூடிய ஒரு நல்ல டிரிகரை வாங்குங்கள். தோள்வாரில் சுடுவதே அதிகம் என்றால் இரண்டு கட்ட டிரிகர், பைபாடும் மணல்பையுமே அதிகம் என்றால் ஒற்றைக் கட்ட டிரிகர் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் காரணம் புரியாமல் வாங்கியவர் அடுத்த பருவத்திலேயே அதைவிட லேசான இன்னொன்றைத் தேடத் தொடங்கிவிடுவார்.

துப்பாக்கியின் துல்லியம் குழல், தோட்டா, போல்ட்டும் டிரிகரும் பொருந்தும் உலோக நடுப்பகுதியான ஆக்‌ஷன் கட்டையில் (ஸ்டாக்) அமர்ந்திருக்கும் விதம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. டிரிகர் அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடக் கூட்டுவதில்லை. துப்பாக்கி இலக்கை நோக்கி நிற்கும் நிலையை, தோட்டா குழலைவிட்டு வெளியேறும்வரை சுடுபவர் கெடுக்காமல் இருக்க உதவுவது மட்டுமே அதன் வேலை. அந்தக் கெடுதல் எவ்வளவு சிறிய அசைவில் நேர்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் டிரிகரின் மதிப்பு விளங்கும். தோளில் பதிந்த இடத்திலிருந்து குழல்முனை ஏறத்தாழ 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழல்முனை 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 300 மீட்டரில் தோட்டா 30 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். 0.1 மில்லிமீட்டர் என்பது ஒரு காகிதத்தின் தடிமன்.

உங்கள் விரல் டிரிகரைத் துல்லியமாக நேர் பின்னோக்கி இழுத்தால், 1,700 கிராம்கூடப் பெரிய கேடு செய்யாது. ஆனால் எந்த விரலும் அப்படி இழுப்பதில்லை. விரல் 5 பாகை கோணலாக இழுக்கிறது என்று கொண்டால், 1,700 கிராம் அழுத்தத்தில் ஏறத்தாழ 150 கிராம் பக்கவாட்டில் துப்பாக்கியைத் தள்ளும். 700 கிராமில் அது 60 கிராமாகச் சுருங்கிவிடும். எடையைக் குறைப்பதால் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். 700 கிராமிலிருந்து 60 கிராமுக்கு இறங்கினால், பக்கவாட்டுத் தள்ளல் மேலும் 55 கிராம் குறையும். தோளாலும் கன்னத்தாலும் கையாலும் இறுகப் பிடித்திருக்கும் 5.5 கிலோ துப்பாக்கியில் அந்த மிச்சம் உங்கள் நாடித்துடிப்புக்குள்ளேயே மறைந்துபோகும்.

அடுத்து, விடுபட்ட பிறகு நடப்பது. 1,700 கிராம் எதிர்ப்பை அழுத்திக்கொண்டிருக்கும் விரலுக்கு முன் அந்த எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போனால், விரல் பின்னால் பாய்ந்து, டிரிகர் முட்டி நிற்கும் இடத்தில் இடிக்கிறது. ஃபயரிங் பின் என்னும் ஊசி முன்னேறி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைத் தொடவும், தோட்டா குழலைக் கடக்கவும் சில மில்லி விநாடிகள் ஆகின்றன. இடி அந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்துவிடலாம். எனவே விடுபட்டபின் டிரிகர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதும், அந்த ஓட்டத்தை நிறுத்தும் திருகு இருக்கிறதா என்பதும், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும் குறைந்தபட்ச எடையைவிட உங்களுக்கு முக்கியமானவை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தோட்டா எதுவும் துப்பாக்கியிலும் மேசையிலும் அறையிலும் இல்லை என்பதை உறுதிசெய்துவிட்டு, பாதுகாப்பான திசையில் ஒரு சிறு புள்ளியைக் குறிபார்த்து, வெறும் துப்பாக்கியில் டிரிகரை இழுங்கள். ஃபயரிங் பின் விழும் கணத்தில் ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி புள்ளியைவிட்டு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் துள்ளினால் விரல் வைக்கும் இடத்திலோ கைப்பிடியிலோ கோளாறு. அதைப் புதிய டிரிகர் சரிசெய்யாது. இழுபடும்போதே கம்பி மெல்ல நகர்ந்து, விடுபடும்போது துள்ளினால் டிரிகரைக் குறைசொல்ல நியாயம் உண்டு. பிறகு சுடுதளத்தில், நண்பர் ஒருவர் நீங்கள் பார்க்காதபடி சில சுற்றுகளில் வெற்றுத் தோட்டாவை, அதாவது மருந்தும் பிரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டாவை, குழலின் தோட்டா அறைக்குள் வைத்துக் கொடுக்கட்டும். வெற்றுத் தோட்டாவில் டிரிகரை இழுக்கும்போது துப்பாக்கி முன்னால் தாழ்ந்தால், நீங்கள் பின்னுதைப்பை எதிர்பார்த்துத் தோளை முன்னே தள்ளுகிறீர்கள். அதற்கு மருந்து பயிற்சிதான். இப்படி உதைப்பை எதிர்பார்த்து உடலை இறுக்குபவரிடம் மிக லேசான டிரிகரைக் கொடுத்தால், அவர் நினைப்பதற்கு முன்பே சுட்டுவிடும் பழக்கமும் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சோதனையில் டிரிகரே குற்றவாளி என்று தெரிந்தால், எடையைக் காட்டிலும் சீர்மையை முதலில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் 1,000 கிராமில், 20 கிராம் கூடக்குறைய மட்டும் விடுபடும் டிரிகர், 400 கிராமில் 100 கிராம் முன்பின்னாக விடுபடும் டிரிகரைவிடச் சிறந்தது. விரல் 1,000 கிராமைக் கற்றுக்கொண்டுவிடும். எப்போது விடுபடும் என்று தெரியாததைக் கற்றுக்கொள்ள முடியாது. கரகரப்பு, அதாவது சியர் என்னும் பற்றுமுனை தன் இணைமுனையின்மேல் உராய்ந்து வழுக்கும் உணர்வு, எடையைவிட அதிகம் தொல்லை தருவதற்குக் காரணமும் இதுவே. வழுக்கல் நடுவில் நின்று மறுபடி தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும், இதோ விடுபடப் போகிறது என்று மூளை முடிவெடுத்து, விரலை அவசரப்படுத்துகிறது.

அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிரிகர் மேலே ஓர் அச்சில் சுழலும் நெம்புகோல். அச்சிலிருந்து எவ்வளவு கீழே இழுக்கிறீர்களோ அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அது விடுபடும். விரல் அமரும் இடம் அச்சிலிருந்து 25 மில்லிமீட்டரிலும், டிரிகரின் நுனி 32 மில்லிமீட்டரிலும் இருந்தால், விரலிடத்தில் 700 கிராம் காட்டும் டிரிகர், நுனியில் 550 கிராமுக்குக் கிட்டத்தட்டதான் காட்டும். நண்பர்கள் பெருமையாகச் சொல்லும் எண்களில் பாதி இப்படி நுனியில் கொக்கி மாட்டி அளந்தவை என்பது என் சந்தேகம். உங்கள் விரல் உண்மையாகவே அமரும் இடத்தில், குழலுக்கு இணையான திசையில், மெல்ல இழுத்து, பத்து முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சராசரியைவிட, மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள இடைவெளியே உங்களுக்குச் செய்தி சொல்லும்.

இனி ஒற்றைக் கட்டமா, இரண்டு கட்டமா என்பது. ஒற்றைக் கட்ட டிரிகரில் விரல் தொட்டதும் சுவர் போன்ற எதிர்ப்பு. அழுத்தம் கூடிக்கொண்டே போய், கண்ணுக்குத் தெரியும் அசைவில்லாமல் உடைந்து விடுபடும். அசைவே இல்லாதது போலத் தோன்ற வேண்டுமானால், பற்றுமுனைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பரப்பு மிகக் குறுகியதாக இருந்தாக வேண்டும். போல்ட்டின் ஃபயரிங் பின் ஸ்பிரிங் 10 கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அதை அவ்வளவு குறுகிய பிடியில் நிறுத்துவது எளிதல்ல. நல்ல உற்பத்தியாளர்கள் இதற்குப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். ஜூவெல் டிரிகரில் அடுக்கடுக்கான நெம்புகோல்கள் அந்தப் பளுவைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசி முனைக்குக் கொடுக்கின்றன. டிரிகர்டெக் நிறுவனம் இரு முனைகளுக்கிடையே ஒரு சிறு உருளையை வைத்து, உராய்வைச் சுழற்சியாக மாற்றியிருக்கிறது. பிக்ஸ் அண்ட் ஆண்டி டிரிகரில் அந்த வேலையைச் சிறு குண்டுகள் செய்கின்றன. இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால், உங்கள் 700 கிராம் தேவைக்கு மூன்றுமே தேவைக்கு அதிகமானவை என்பதே என் பதில்.

இரண்டு கட்ட டிரிகரில் விரல் முதலில் ஒரு ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு சில மில்லிமீட்டர் பின்னால் வருகிறது. பிறகு தெளிவான ஒரு தடையில் நிற்கிறது. அதற்குமேல் சிறிது அழுத்தினால் விடுபடுகிறது. மௌசர் 98 போன்ற பழைய ராணுவ ரைஃபிள்களிலிருந்து இன்றைய போட்டி ரைஃபிள்கள்வரை இந்த ஏற்பாடு தொடர்வதற்குக் காரணம் உண்டு. முரண்டான கையாளுதலுக்கு ஆளாகும் ஓய்வு நிலையில் பற்றுமுனைகளின் பிடி அகலமாக இருக்கிறது. சுடுபவர் மனம்வைத்து முதல் கட்டத்தை இழுத்த பிறகுதான் பிடி குறுகுகிறது. மொத்தம் 700 கிராமில், முதல் கட்டத்துக்கு 450 கிராமும் இரண்டாம் கட்டத்துக்கு 250 கிராமும் பிரித்து வைத்தால், கடைசிக் கணத்தில் விரல் கூட்ட வேண்டியது 250 கிராம் மட்டுமே. லேசான டிரிகரின் சுகம் அதில் முழுமையாகக் கிடைக்கிறது. ஆனால் தவறுதலாக விரல் உரசினால் துப்பாக்கி சுட்டுவிடாது. தோள்வாரில் படுத்துச் சுடுபவர் மூச்சைப் பாதி வெளிவிட்டு முதல் கட்டத்தை எடுத்து, குறி அமர்ந்தபின் இரண்டாம் கட்டத்தை முடிப்பார். குறி அமரவில்லையென்றால் விரலைத் தளர்த்தி மறுபடி தொடங்குவார். இந்த ஒழுங்கை ஒற்றைக் கட்ட டிரிகர் தருவதில்லை. மறுபுறம், பைபாடில் வைத்து, காற்று நின்ற கணத்தில் உடனே சுட வேண்டியவருக்கு முதல் கட்டம் வெறும் தாமதமாகத் தோன்றும். எனக்கு இரண்டு கட்டத்தின்மேல் சார்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. நீங்கள் இரு வகையையும் வேறொருவர் துப்பாக்கியில், வெறுமனேயாவது, இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் நண்பரின் 60 கிராம் டிரிகருக்கு வருகிறேன். பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் துப்பாக்கி கனமான முன்தாங்கியிலும் பின்பையிலும் இலக்கை நோக்கியே கிடக்கும். சுடுபவர் அதைப் பெரும்பாலும் பிடிப்பதே இல்லை. குழல் இலக்கை நோக்கியிருக்கும்போதுதான் போல்ட்டை மூடுவார். குறி சரியான பிறகே விரல் உள்ளே போகும். அந்தச் சூழலில் 60 கிராம் நியாயமானது. துப்பாக்கியைத் தொடாமலே சுட அவருக்கு அது தேவைப்படுகிறது. நீங்கள் துப்பாக்கியைத் தோளில் இறுக்கி, கன்னத்தை அழுத்தி, சில சமயம் கையுறையோடு சுடுகிறீர்கள். கையுறை அணிந்த விரலுக்கு 60 கிராம் என்பது தொடுவதற்கும் சுடுவதற்கும் இடையில் ஒன்றுமே இல்லாத நிலை. குளிரில் விரைத்த விரலுக்கும் போட்டிப் படபடப்பில் இருக்கும் விரலுக்கும் கையுறை இல்லாமலே அதே கதிதான். குளிர்காலத்தில் கையுறையைக் கழற்ற மாட்டீர்கள் என்றால், நான் சொன்ன 600 முதல் 800 கிராம் என்ற வரம்பின் மேல்பாதியில் வையுங்கள்; ஆட்காட்டி விரல் மட்டும் மெல்லியதாக உள்ள கையுறையைத் தேடுவதும் நல்லது.

நீங்கள் எந்தப் போட்டிப் பிரிவில் சுடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த விவாதம் முடிந்தே போகக்கூடும். துப்பாக்கி சுடும் விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிகளின்படி, 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் 50 மீட்டர் ரைஃபிளுக்கும் குறைந்தபட்ச டிரிகர் எடை இல்லை. ஆனால் 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1,500 கிராம் இருந்தே ஆக வேண்டும். பிஸ்டல்களில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் 4.5 பவுண்டு, அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல், கட்டாயம். அளக்கும்போது குழலைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். கல் எழும்பும்வரை டிரிகர் தாங்க வேண்டும். உங்கள் 300 மீட்டர் போட்டி ஸ்டாண்டர்ட் ரைஃபிள் பிரிவாக இருந்தால், 700 கிராம் டிரிகரோடு உள்ளே விடமாட்டார்கள். அப்போது 1,500 கிராமுக்கு மேல் வைக்கக்கூடிய நல்ல இரண்டு கட்ட டிரிகர் ஒன்றைத் தேடுங்கள். வரம்புக்கு 50 முதல் 100 கிராம் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1,500 கிராமும் தெளிவாக உடைந்தால் சுகமாகத்தான் இருக்கும்.

வரம்பின் நடுவில் என்று மேலே சொன்னதைச் சந்தையில் உள்ளவற்றோடு பொருத்திக் காட்டுகிறேன். பெட்டிகளில் பவுண்டும் அவுன்சுமே அச்சாகியிருக்கும். 1 பவுண்டு 454 கிராம், 1 அவுன்ஸ் 28 கிராம் என்று நினைவில் வையுங்கள். ரெமிங்டன் 700 அமைப்புக்கான டிம்னி நிறுவனத்தின் வழக்கமான டிரிகர் ஒன்றரை முதல் 4 பவுண்டுவரை செல்லும். 700 கிராம் அதன் அடிமட்டத்தில் விழுகிறது. டிரிகர்டெக் ஸ்பெஷல் 1 முதல் 3.5 பவுண்டுவரை, டிம்னி கால்வின் எலீட் 8 அவுன்ஸ் முதல் 2.5 பவுண்டுவரை, டிரிகர்டெக் டயமண்ட் 4 அவுன்ஸ் முதல் 2 பவுண்டுவரை, ஜூவெல் ஒன்றரை அவுன்ஸ் முதல் 3 பவுண்டுவரை, ஸ்பிரிங்கை மாற்றி மாற்றி. கால்வின் எலீட்டிலும் ஜூவெலிலும் 700 கிராம் வசதியாக நடுவில் அமர்கிறது. டயமண்டில் மேல்பக்கம் சற்று ஒதுங்கியிருக்கிறது, ஆனால் அதனால் கெடுதல் இல்லை. எந்த டிரிகரையும் அதன் அடிமட்ட எல்லையில் வைத்துச் சுடாதீர்கள். அங்கே ஸ்பிரிங் கிட்டத்தட்டத் தளர்ந்து கிடக்கும், தூசியும் குளிரும் நடத்தையை மாற்றிவிடும், திரும்பித் தன் இடத்துக்கு வருவதும் சோம்பலாகும். மாதிரிகள் மாறிக்கொண்டே இருப்பதால், வாங்கும் நாளில் உற்பத்தியாளரின் தாளைப் பார்த்து எண்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயர்ப்பட்டியல் இதோடு போதும். நல்ல டிரிகர் செய்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

டிரிகர் நாக்கு வளைந்திருக்க வேண்டுமா, தட்டையாக இருக்க வேண்டுமா என்பது ருசி சார்ந்தது. தட்டையானதில் விரல் எங்கே அமர்கிறது என்பதை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். வளைந்தது விரலை ஒரே இடத்துக்கு இழுத்துவரும். விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள சதை நாக்கைத் தொடும்போது, விரல் குழலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பொருத்தம் பற்றிச் சற்று விழிப்பு தேவை. ரெமிங்டன் 700 அமைப்பு என்று சொல்லி விற்கப்படும் எல்லா ஆக்‌ஷன்களும் அளவில் ஒன்றல்ல. போல்ட்டை வெளியே எடுக்கும் விடுவிப்பான் சிலவற்றில் டிரிகருக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் ஆக்‌ஷனின் பக்கவாட்டில் இருக்கும். அதற்கேற்ற மாதிரியை வாங்காவிட்டால் போல்ட் வெளியே வராது அல்லது நிற்காமல் வந்துவிடும். சேஃப்டி (துப்பாக்கி சுடாமல் பூட்டி வைக்கும் பாதுகாப்பு விசை) இல்லாமலே வரும் போட்டி மாதிரிகளும் உண்டு. உங்கள் மகள் பழகும் துப்பாக்கியில் அப்படி ஒன்றை நான் ஒருநாளும் பொருத்த மாட்டேன். கட்டையில் டிரிகர் அமரும் பள்ளம் குறுகலாக இருந்தால், டிரிகர்ப் பெட்டியின் பக்கம் மரத்தில் உரசி, கட்டைத் திருகை இறுக்க இறுக்க எடை மாறும். போல்ட்டை மூடும்போது வழக்கத்துக்கு மாறான கனம் தெரிந்தால், சியரும் ஃபயரிங் பின்னின் பின்முனையும் ஒன்றையொன்று சந்திக்கும் நேரம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் டிரிகரையும் துப்பாக்கியையும் சேர்த்துத் துப்பாக்கி பழுதுபார்க்கும் பணியாளரிடம் கொடுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டும் யோசனை ஏன் கூடாது என்பதற்கு வருவோம். டிரிகர் ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை: விரலுக்கு எதிர்ப்புத் தருவது ஒன்று, விடப்பட்ட டிரிகரைப் பழைய இடத்துக்கு முழுமையாகத் திருப்பிக் கொண்டுவந்து, பற்றுமுனைகள் மறுபடி ஒழுங்காகக் கௌவும்படி செய்வது மற்றொன்று. வெட்டிய ஸ்பிரிங் முதலாவதைக் குறைக்கும்போது இரண்டாவதையும் குறைக்கிறது. பற்றுமுனைகளைக் கல்லில் தேய்த்து மெருகேற்றுவது இன்னும் மோசம். பல டிரிகர்களில் அந்த முனைகளின் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய கடினத் தோல் உண்டு, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் முதல் நாள் பட்டுப்போல இருக்கும் டிரிகர் சில நூறு சுற்றுகளில் தேய்ந்து, என்றாவது ஒரு நாள் போல்ட்டை மூடும்போதே சுட்டுவிடும்.

டிரிகருக்குள் வேண்டாத பொருள் சிறிது சேர்ந்தாலே என்ன ஆகும் என்பதற்குப் பொதுவெளியில் அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம், எக்ஸ்மார்க் ப்ரோ டிரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2006 மே முதல் 2014 ஏப்ரல்வரை தயாரானவை அவை. தொழிற்சாலையில் ஒட்டுப்பொருள் அளவுக்கு மீறிப் பூசப்பட்டதால், சில சூழல்களில் துப்பாக்கி தானாகச் சுட்டுவிடும் ஆபத்து இருக்கிறது என்பதே காரணம். உங்கள் ரைஃபிள் அந்த நிறுவனத்தின் அந்தக் காலத்துத் தயாரிப்பாக இருந்து, அதே டிரிகர்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால், கரகரப்பைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு, வரிசை எண் அந்த அறிவிப்புக்குள் வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். அதுவரை சுட வேண்டாம். புதிய டிரிகரின் திருகுகளிலும் உற்பத்தியாளர் சொன்னதற்கு மேல் ஒரு துளி ஒட்டுப்பொருளும் விடாதீர்கள்.

நீங்களே பொருத்தலாமா? இரண்டு பின்களைத் தட்டி எடுத்து மாற்றுவது பார்ப்பதற்குச் சுலபமான வேலை. போல்ட் தடுப்பானும் அதன் மெல்லிய ஸ்பிரிங்கும் கழன்று விழக்கூடும் என்பதைத் தவிர கைவேலையில் பெரிய சூட்சுமம் இல்லை. சிக்கல், பொருத்தியபின் அது பாதுகாப்பானதா என்று தீர்மானிப்பதில்தான். உங்கள் நாட்டுச் சட்டம் உரிமம் பெற்ற பணியாளரே செய்ய வேண்டும் என்றால் பேச்சுக்கே இடமில்லை. சட்டம் அனுமதித்தாலும், முதல் முறை பணியாளர் அருகில் இருந்து செய்யச் சொல்வேன். உற்பத்தியாளர் முத்திரையிட்ட பற்றுமுனைத் திருகு இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். எடைத் திருகும் ஓட்டம் நிறுத்தும் திருகும் உங்களுக்குப் போதும். ஓட்டத்தை நிறுத்தும் திருகையும், இன்னும் சிறிது இறுக்கினால் டிரிகர் விடுபடாது என்ற எல்லைவரை கொண்டுபோகாமல், அங்கிருந்து ஒரு கால் சுற்றாவது தளர்த்தி விடுங்கள். குளிரிலும் தூசியிலும் அந்த இடைவெளி தேவைப்படும்.

யார் பொருத்தினாலும், கட்டையில் முழுமையாக இறுக்கிய பிறகு பின்வரும் சோதனைகளை வெறும் துப்பாக்கியில், தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கும்போது, செய்தே ஆக வேண்டும். போல்ட்டை முழு வேகத்தில் முன்னே அடித்து மூடுங்கள், பலமுறை. ஒருமுறைகூட ஃபயரிங் பின் விழக்கூடாது. அடுத்து, சேஃப்டியைப் போட்டு, டிரிகரைச் சுடுவதற்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு அழுத்தி இழுத்து, விரலை எடுத்துவிட்டு, சேஃப்டியை விலக்குங்கள். அப்போதும் விழக்கூடாது, பிறகு டிரிகரைத் தொட்டு இழுத்தால் மட்டுமே விழ வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுவே. சேஃப்டி போட்டிருக்கும்போது டிரிகர் தொடப்பட்டு, சேஃப்டி விலகும் கணத்தில் சுட்டுவிடும் துப்பாக்கியே நம்பவைத்துக் கெடுப்பது. பிறகு, சேஃப்டி விலகிய நிலையில், ரப்பர்ச் சுத்தியலால் ஆக்‌ஷனின் நான்கு பக்கமும் தட்டுங்கள். கட்டையின் அடியைத் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் சிறு உயரத்திலிருந்து இடியுங்கள். இரண்டு கட்ட டிரிகர் என்றால், முதல் கட்டத்தை இழுத்து, சுடாமல் மெல்ல விடுங்கள். டிரிகர் முழுமையாக முன்னே திரும்பியிருக்க வேண்டும், அடுத்த இழுப்பில் இரண்டு கட்டமும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். இவற்றில் எதிலாவது ஒருமுறை தவறினாலும் எடையைக் கூட்டி மறுபடி தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். கூட்டியும் தவறினால் டிரிகரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சுடுதளத்திலும் முதல் சில சுற்றுகளை ஒவ்வொன்றாகவே ஏற்றிச் சுடுங்கள்.

பராமரிப்பில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்: டிரிகருக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகும், குளிரில் கெட்டியாகும். குழலைத் துலக்கும்போது கரைப்பான் பின்பக்கம் வழிந்து டிரிகருக்குள் இறங்குவதைத் தடுக்க, துலக்குக் கம்பிக்கு வழிகாட்டிக் குழாயைப் பயன்படுத்துங்கள். அழுக்கு சேர்ந்துவிட்டால், படிவு விடாமல் ஆவியாகும் கரைப்பானால், உற்பத்தியாளர் அனுமதிக்கும் வகையால், கழுவி உலரவிடலாம். பிரைமர் கிழிந்த ஒரு தோட்டாவுக்குப் பின் டிரிகர் திடீரென்று விசித்திரமாக நடந்துகொண்டால், உலோகச் சிதறல் உள்ளே விழுந்திருக்கக்கூடும். அன்றைய சுடுதலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி. இருவருக்கும் ஒரே எடை பொருந்தாது. அவள் பழகும் நாள்களில் டிரிகரை 1,000 கிராமுக்கு மேல் வையுங்கள். நான் சொன்ன டிரிகர்களில் சில அதற்கு இடம் கொடுக்கும், டயமண்ட் கொடுக்காது. ஆகவே இந்த ஒரு காரணத்துக்காகவே கால்வின் எலீட் அல்லது ஜூவெல் போன்ற அகன்ற வரம்புள்ள ஒன்றை, சேஃப்டியோடு கூடிய மாதிரியாகப் பார்த்து, வாங்கச் சொல்கிறேன். இரண்டு கட்டமே வேண்டும் என்று முடிவெடுத்தாலும், 700 கிராமும் 1,000 கிராமும் ஒரே டிரிகரில் கிடைக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறை எடையை மாற்றியபின்னும் போல்ட்டை அடித்து மூடும் சோதனையையும் சேஃப்டி சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அது தொல்லை என்று தோன்றினால், இருவரும் 1,000 கிராமிலேயே சுடுங்கள். பழைய டிரிகரை அதன் பின்களோடும் ஸ்பிரிங்கோடும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பில் அடங்கியது அது என்று தெரிந்தால் மட்டும், வைத்துக்கொள்ளாமல் உற்பத்தியாளர் சொல்லும் வழியில் ஒப்படைத்துவிடுங்கள்.